மண்ணுக்குச் சொன்ன சேதி

கருப்பு உளுந்தைத் தோலோடு வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். தீ தணிந்தே இருக்க வேண்டும். கொஞ்சம் கருகினாலும் களி கசந்துவிடும். வறுத்த உளுந்தோடு ஒரு பிடி பச்சரிசி சேர்த்துத் திருகையில் அரைத்து, கொதிக்கிற கருப்பட்டிப் பாகில் மாவைத் தூவிக்கொண்டே துடுப்பால் கிண்ட வேண்டும். இடையிடையே நல்லெண்ணெய். களி சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கை ஓயக் கூடாது. பிறகு உருண்டை பிடித்து, நடுவில் கட்டைவிரலால் குழித்து, அந்தக் குழியிலும் நல்லெண்ணெய் ஊற்றி, மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கையில் கொடுப்பார்கள். “முழுங்குடி, இடுப்பெலும்பு கெட்டிப்படணும்” என்று ஒரு கிழவி பக்கத்திலேயே நிற்பாள். பெண் முகத்தைச் சுளித்தாலும் விடமாட்டாள். காலையில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றி, அதே அளவு நல்லெண்ணெயும் குடிக்க வைத்ததும் அவள்தான்.

கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் இதுதான் நடந்தது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கங்களை எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள், தட்டியும் தகரமும் வைத்துக் கட்டிய அந்த வரிசை வீடுகளுக்குள் தங்கள் ஊர்ச் சமையலையும் கொண்டுவந்தார்கள். நிலம் இல்லாமல் வந்தவர்கள் அவர்கள். சாதியின் பிடியிலிருந்து ஓரடியாவது விலகி நிற்கலாம் என்று வந்தவர்கள். அவர்களுடைய கையிருப்பில் எள்ளும் உளுந்தும் வெந்தயமும் பற்றிய அறிவும் ஒன்று. மாதவிடாய் தள்ளிப்போனால் எள்ளையும் கருப்பட்டியையும் இடித்துத் தின்பது, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எள்ளைத் தொடாமல் இருப்பது, பிள்ளை பெற்றவளுக்கு வெந்தயக் களி கொடுப்பது என்று பெண்ணின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விதையைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

இன்று இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் இரண்டு வகையினரைப் பார்க்கிறேன். எள்ளிலும் உளுந்திலும் ஈஸ்ட்ரோஜன் இருப்பது நம் பாட்டிமார்களுக்கு அன்றைக்கே தெரியும் என்று ஒரு சாரார் வாட்ஸப்பில் மார்தட்டுகிறார்கள். இன்னொரு சாரார், அதே விஷயத்தைச் சோயா ஐசோஃபிளேவோன் கேப்ஸ்யூலாக டப்பாவில் அடைத்து, நாற்பத்தைந்து தாண்டிய பெண்ணிடம் விற்கிறார்கள். இருவருமே இந்த விஷயத்தின் செழுமையைப் பறித்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

செடியின் பொருள் பெண் ஹார்மோனைப் போல நடந்துகொள்ளும் கதையை முதலில் ஆடுகளிடமிருந்து தொடங்க வேண்டும். 1940களின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில் செம்மறி வளர்த்தவர்கள் ஒரு விபரீதத்தைக் கண்டார்கள். கிடாயோடு சேர்ந்த ஆடுகள் சினை பிடிக்கவில்லை. பிடித்தவையும் குட்டி ஈனும்போது செத்தன. காயடித்த கிடாய்களுக்கு மடி சுரந்தது. மேய்ச்சலுக்கென்று விதைத்திருந்த குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடிதான் காரணம் என்று பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் ஆகிய மூவரும் 1946இல் எழுதினார்கள். அந்தச் செடியில் ஃபார்மோனோனெட்டின் என்ற பொருள் இருக்கிறது. அது தன்னளவில் அவ்வளவு வலுவுள்ளதல்ல. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அதை ஈக்குவால் என்ற வேறொரு பொருளாக மாற்றின. ஈக்குவால் ஆட்டின் உடலுக்குள் பெண் ஹார்மோனைப் போலவே நடந்துகொண்டது. செடி, நுண்ணுயிர், ஆடு என்று மூன்று பேர் சேர்ந்து செய்த காரியம் அது. நடுவில் இருக்கும் அந்த இரண்டாம் ஆளை மறந்துவிடக் கூடாது; மனிதப் பெண்ணின் கதையும் அவரிடம்தான் வந்து நிற்கும்.

செடி ஏன் இப்படி ஒரு பொருளைச் செய்கிறது? கோலார்ச் சீமையின் செம்மண் காடுகளில் ராகி வரிசைகளுக்கு நடுவே அவரையும் துவரையும் விதைப்பதைப் பார்த்திருக்கலாம். ஓர் அவரைச் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தால் கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அதற்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கிறது. அந்தப் பாக்டீரியா தானாக வந்து குடியேறுவதில்லை. பயறுவகைச் செடிகள் வேர் வழியாக ஃபிளேவனாய்டு என்ற வகைப் பொருள்களைக் கசியவிட்டு அதை அழைக்கின்றன. சோயாவின் வேர் கசியவிடும் அழைப்பில் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்ற இரண்டும் முக்கியமானவை. இதே இரண்டைத்தான் இன்று கேப்ஸ்யூலில் அடைக்கிறார்கள். பூஞ்சை தாக்கும்போது எதிர்த்து நிற்கவும் செடிகள் இந்தக் குடும்பத்துப் பொருள்களைப் பயன்படுத்துகின்றன. மண்ணில் வாழும் ஓர் உயிருக்கு வேர் சொன்ன சேதி, பெண்ணின் உடலில் வேறொரு சேதியாக ஒலிக்கிறது. நமக்காகச் சொல்லப்பட்டதல்ல அது. இந்த எண்ணம் எனக்குப் பெரிய நிம்மதியைத் தருகிறது. செடி நம்மைக் குணப்படுத்தவும் பிறக்கவில்லை, கெடுக்கவும் பிறக்கவில்லை.

செடி இன்னொருவரின் ஹார்மோனைப் போலப் பேசுவதைக் கோலார் விவசாயிகள் வேறொரு வகையில் கண்ணாலேயே பார்க்கிறார்கள். மல்பெரியும் பட்டுப்புழுவும் இந்தச் சீமையின் பழைய வாழ்வாதாரம். ஐந்தாம் பருவத்தின் கடைசியில் புழு பழுக்கும். தின்பதை நிறுத்தி, உடல் கண்ணாடிபோல் மங்கலாக ஒளிவிட, தலையைத் தூக்கி இடம் தேடும். அப்போது அதைப் பொறுக்கி, கூடு கட்டுவதற்கான தட்டான சந்திரிகையில் விட வேண்டும். எல்லாப் புழுவும் ஒரே நேரத்தில் பழுக்காததால் வீட்டில் உள்ள அத்தனை பேரும் இரவெல்லாம் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். மைசூரில் உள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் ‘சம்பூர்ணா’ என்ற மருந்தைக் கொண்டுவந்தது. அதில் இருப்பது செடியிலிருந்து எடுத்த எக்டிஸ்டீராய்டு. முதல் சில புழுக்கள் பழுத்ததும் அதை இலைமேல் தெளித்துக் கொடுத்தால் மற்றவையும் சேர்ந்தாற்போல் பழுத்துக் கூடு கட்டத் தொடங்கும். புழுவின் தோலுரிப்பை நடத்தும் எக்டைசோன் என்ற ஹார்மோனின் வேலையைச் செடியின் பொருள் செய்துவிடுகிறது. வேலியோரத்தில் முளைத்துச் சேலையில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவியிலும் இந்த வகைப் பொருள் உண்டு.

எக்டைசோனை முதன்முதலில் 1954இல் பிரித்தெடுத்தவர்கள் ஜெர்மனியின் அடோல்ஃப் பூட்டநாண்ட்டும் பீட்டர் கார்ல்சனும். 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்பருவங்களை அரைத்து அவர்களுக்குக் கிடைத்தது 25 மில்லிகிராம். இதே பூட்டநாண்ட்தான் 1929இல் கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்ற பெண் ஹார்மோனைப் பிரித்தவர். அமெரிக்காவில் எட்வர்ட் டாய்ஸியும் அதே ஆண்டு அதைச் செய்தார். பெண்ணின் உடலையும் புழுவின் உடலையும் மாற்றும் பொருள்கள் ஒரே மனிதரின் மேசைக்கு வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஸ்டீராய்டுகள். உயிர்கள் புதிதாகக் கண்டுபிடிப்பதைவிடப் பழையதை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்துவதே அதிகம்.

இனிப் பெண்ணின் உடலுக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் போய் ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அந்த ஏற்பி ஒன்றே ஒன்றுதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1996இல் ஸ்வீடனில் கைப்பரும் குஸ்டாஃப்சனும் சேர்ந்து இரண்டாவது ஏற்பியைக் கண்டார்கள். பழையதற்கு ஆல்ஃபா, புதியதற்குப் பீட்டா என்று பெயர். கருப்பையிலும் மார்பிலும் ஆல்ஃபாவின் ஆட்சி; எலும்பிலும் ரத்தக்குழாயிலும் வேறு பல இடங்களிலும் பீட்டாவுக்கும் பங்குண்டு. ஜெனிஸ்டீன் பீட்டாவைத்தான் இறுகப் பிடிக்கிறது. அதனால் அதை ஈஸ்ட்ரோஜனின் நகல் என்று சொல்வது முழு உண்மையாகாது. உடம்பின் சில இடங்களில் மட்டும், அதுவும் மெலிந்த குரலில் பேசுகிறது. செடிப்பொருள்களின் வலு பொருளுக்குப் பொருள் மாறும். பெண்ணின் சொந்த ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடையாலோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை. ஆனால் சோயாவை அன்றாடம் உண்பவரின் ரத்தத்தில் அவை எஸ்ட்ரடையாலைப் போலப் பல நூறு மடங்கு அளவில் இருக்கக்கூடும்.

இந்த மெலிந்த குரல் எப்போது கேட்கும் என்பதை யோசிக்கும்போது தங்கவயலின் சுரங்கமே எனக்கு விளக்கம் தருகிறது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கருவிகளை வைத்துக் காத்திருந்தன. வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தை உலகில் முதன்முதலில் பதிந்த இடங்களில் ஒன்று அது. நியூட்ரினோ தரையிலும் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. தரையில் மற்ற விண்கதிர்களின் இரைச்சலில் அதன் சுவடு மறைந்துவிடும். தலைக்குமேல் அத்தனை பாறை நின்று அந்த இரைச்சலைத் தடுத்த பிறகுதான் அது தெரிந்தது. நியூட்ரினோவின் வலு கூடிவிடவில்லை, சுற்றியிருந்தது அடங்கியது.

இருபத்தைந்து வயதுப் பெண்ணின் உடலில் சொந்த ஈஸ்ட்ரோஜன் நிறைந்திருக்கிறது. அங்கே செடிப்பொருள் போய் ஏற்பியில் உட்கார்ந்தால், வலுத்த ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கவும் கூடும். மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலில் அந்த நிறைவு அடங்கிவிட்டது. அங்கே அதே பொருள், ஈஸ்ட்ரோஜன் இருந்த இடத்தில் சிறிதளவாவது அதன் வேலையைச் செய்யக்கூடும். ஒரே பருப்பு ஒருத்திக்குக் குறைப்பதாகவும் இன்னொருத்திக்குக் கூட்டுவதாகவும் ஆகலாம். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். மேற்கு நாட்டுப் பெண்களைவிட நான்கைந்து ஆண்டு முன்னதாகவே. அந்த அடங்கிய உடலோடு நம் பெண்கள் வாழும் காலமும் அதனால் நீளுகிறது.

குடலில் குடியிருக்கும் அந்த இரண்டாம் ஆள் இங்கேதான் வருகிறார். சோயாவின் டெய்ட்சீனை ஈக்குவாலாக மாற்றும் பாக்டீரியா எல்லார் குடலிலும் இல்லை. மேற்கு நாட்டவரில் நான்கில் ஒருவரிடமும் ஜப்பானியரில் பாதிப் பேரிடமும் இருக்கிறது. எள்ளின் கதையும் அதுவே. எள்ளில் சோயாவின் ஐசோஃபிளேவோன் இல்லை. செசமின் முதலான லிக்னான்கள் இருக்கின்றன. அவற்றைக் குடல் பாக்டீரியாக்கள் என்டிரோலாக்டோன் என்ற பொருளாக மாற்றிய பிறகே அவை ஈஸ்ட்ரோஜன்போல் எதையாவது செய்ய முடியும். ஆன்டிபயாட்டிக் ஒரு சுற்று முடித்தாலே ரத்தத்தில் இதன் அளவு குறைந்துவிடும். ஆக, ஒரே வீட்டில் அக்காளும் தங்கையும் ஒரே எள்ளுருண்டையைத் தின்றாலும் இருவர் உடலுக்கும் போய்ச்சேர்வது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. “அவ உடம்புக்கு ஒத்துக்கும், இவளுக்கு ஆகாது” என்று லைன் வீட்டுப் பெண்கள் சொன்னதை உடம்பு வாகு என்று ஒதுக்கிவிட்டோம். டப்பாவின்மேல் அச்சிட்ட ‘தினம் ஒன்று’ என்ற அளவைவிட அந்தப் பேச்சு உண்மைக்கு நெருக்கமானது என்று உறுதியாகவே சொல்கிறேன்.

அதற்காகக் களிக்குள் ஹார்மோன் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. உலர்ந்த சோயாவில் நூறு கிராமுக்கு 150 மில்லிகிராம் அளவில் ஐசோஃபிளேவோன் உண்டு. நம் உளுந்தில் இருப்பது அதோடு ஒப்பிட்டால் கணக்கில் சேராது. ரத்தம் இழக்கத் தொடங்கிய, வளர்ந்துகொண்டிருக்கிற, பெரும்பாலும் அரைவயிறு உண்ட சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு உளுந்தின் புரதமும் எண்ணெயின் கொழுப்பும் முட்டையும் சேர்ந்து கிடைத்த சில நாட்கள் அவை. பாட்டி கொடுத்தது சோறு. அதைச் சோறு என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. அந்த வீடுகளின் வறுமையை அறிந்தவர்கள் அதை மருந்தைவிட உயர்வாகவே மதிப்பார்கள். எள்ளைத் தின்றால் நின்ற மாதவிடாய் வரும் என்பதற்கும் தகுந்த சான்று கிடையாது. அதை நம்பி நாட்களைக் கடத்திய பெண்கள் பட்ட துயரத்தை நினைத்தால், இதை மழுப்பாமல் சொல்லியாக வேண்டும். வெந்தயத்தில் உள்ள டயோஸ்ஜெனின் என்ற பொருளைப் பற்றிய பெருமையும் இப்படித்தான். மெக்ஸிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் உள்ள அதே பொருளிலிருந்து ரஸ்ஸல் மார்க்கர் 1940களில் புரோஜெஸ்டிரோன் செய்தார்; கருத்தடை மாத்திரையின் தொடக்கம் அந்தக் கிழங்கில்தான் இருந்தது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் பல படிகளில் நடந்த மாற்றம். அதைச் செய்யும் நொதி நம் உடலில் இல்லை.

எள்ளுக்கு ஆதரவாக ஒரு சிறு சான்று உண்டு. 2006இல் தைவானில் மாதவிடாய் நின்ற 24 பெண்களுக்குத் தினமும் 50 கிராம் எள்ளுப்பொடியை ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கொழுப்பு ஏறக்குறைய பத்து சதவீதம் குறைந்தது. பாலின ஹார்மோனைச் சுமக்கும் ரத்தப் புரதம் சற்று கூடியது. 24 பேர்தான், ஐந்து வாரம்தான். 50 கிராம் என்பது ஒரு நாளைக்கு எள்ளுருண்டை மூன்று நான்கு. சோயாவைப் பற்றி நடந்த ஆய்வுகளோ ஏராளம். மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் கொதிப்பைக் கொஞ்சம் குறைக்கிறது என்று சிலவும், வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை என்று சிலவும் சொல்கின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பரிசீலித்து, மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பு, கருப்பை, தைராய்டு ஆகியவற்றுக்கு இந்தக் கேப்ஸ்யூல்களால் தீங்கு நேர்வதற்குச் சான்றில்லை என்றது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கேப்ஸ்யூலைத் தொடக் கூடாது. உணவாக உண்பது வேறு.

மீல்மேக்கர் தின்றால் ஆண்மை போய்விடும் என்று பையன்கள் பயப்படுவதற்கு ஒரே பதில்தான். ஆண்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சோயா டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கவில்லை. மார்பு வீங்கிய ஒருவரைப் பற்றி 2008இல் மருத்துவ இதழில் வந்தது உண்மை. அவர் தினம் ஏறக்குறைய மூன்று லிட்டர் சோயாப்பால் குடித்தவர்.

பழையது என்பதற்காக ஏற்பதும் வேண்டாம், தள்ளுவதும் வேண்டாம் என்ற பார்வை தங்கவயலுக்குப் புதிதல்ல. பரம்பரைச் சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கு வாசகர்களும் ஆதரவாளர்களும் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் திரண்டிருந்தார்கள். தென்னிந்திய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை அங்கே வேர்விட்டது. பண்டிதர் மறைந்த பிறகும் அவர் எழுத்தைச் சித்தார்த்தா புத்தகசாலை தங்கவயலிலிருந்து அச்சிட்டது. நாடி பார்த்து மருந்து கொடுத்தவரே ஒவ்வொரு வழக்கத்தையும் யார் சொன்னது, ஏன் சொன்னது என்று கிளறிப் பார்த்தார். ஷிஃப்ட் முடித்து வந்த தொழிலாளர்கள் அதை உட்கார்ந்து வாசித்தார்கள். களியைப் பற்றிக் கேட்கவும் கேப்ஸ்யூலைப் பற்றிக் கேட்கவும் அந்த மக்களின் பேத்திகளுக்கு உரிமை இருக்கிறது.

இந்த ஊரின் உடலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆண்களின் நுரையீரலைப் பற்றியே பேசினோம். சிலிக்கா தூசி தின்ற நுரையீரல், பேச வேண்டியதுதான். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கவே 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. இருமும் கணவனைத் தாங்கியது அவர்கள் எலும்பு. தண்ணீர்க் குடம் சுமந்ததும் 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடிய பின் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் அதே எலும்பு. நாற்பத்தெட்டு வயதில், நெரிசலில் நின்றுகொண்டு போகும்போது உடம்பு திடீரென்று தீப்பிடித்தாற்போல் கொதித்து வேர்த்துக் கொட்டினால் அதை யாரிடம் சொல்வாள்? “நின்னுபோச்சு, அதான்” என்று பக்கத்தில் நிற்பவள் சொல்வாள். அதோடு சரி. அவளுக்குக் கேப்ஸ்யூல் விற்பதற்கு முன் எலும்படர்த்தியையும் வைட்டமின் டி-யையும் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உள்ள ராகி, ரேஷன் அரிசிக்கு முன்னால் அவள் தட்டில் இருந்ததே, அது எங்கே போனது என்று கேட்க வேண்டும். தேவைப்பட்டால் உண்மையான ஹார்மோன் சிகிச்சையைப் பற்றியும் ஒரு மருத்துவர் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

அதோடு இன்னொன்றும் நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒருத்தியின் குடல் ஈக்குவாலை உண்டாக்குகிறதா என்று பார்க்கும் சோதனை எளிது. மூன்று நாள் சோயா கொடுத்து, சிறுநீரைச் சோதித்தால் போதும். தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் ஐம்பதைக் கடந்த பெண்களிடம் இதைச் செய்யலாம். களியும் அவரையும் தின்று வளர்ந்தவர்களையும், பெங்களூர்ச் சாப்பாட்டுக்கு மாறிவிட்ட அவர்கள் மகள்களையும் தனித்தனியே கேட்கலாம். ஜப்பானுக்கு ஓர் எண் இருக்கிறது, அமெரிக்காவுக்கு ஓர் எண் இருக்கிறது. உலகத்தின் கருவிகளையெல்லாம் தன் ஆழத்துக்குள் இறங்க அனுமதித்த இந்த ஊரின் பெண்களுக்கும் அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளும் நியாயம் இருக்கிறது.